முகக்குறிப்பும் மனக்குறிப்பும்

நுழையும்முன்

வாய் திறவாமலே முகம் பேசும் என்பர். ஆயினும், எல்லா முகங்களும் ஒரே வகையாகப் பேசுவதில்லை. எல்லாரும் அம்மொழியை ஒரே வகையாகக் கற்பதுமில்லை. ஆட்டிசம் உடையோர் பிறர் முகக்குறிப்பை எவ்வாறு அறிகின்றனர், பிறர் அவர்தம் முகக்குறிப்பை எவ்வாறு அறிகின்றனர் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

ஒரு வகுப்பறைக் காட்சி

எந்தப் பள்ளியிலும் நிகழக்கூடிய ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். மதிய உணவு வேளை. ஒரு மாணவி தன் தாத்தா இறந்துபோன செய்தியைத் தோழர்களிடம் சொல்கிறாள். கேட்டவர் அனைவரும் முகம் வாடுகின்றனர். ஒருவன் மட்டும் சாளரத்தை நோக்கியவாறே, "உன் தாத்தாவுக்கு எத்தனை வயது?" என்று கேட்கிறான். அவன் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. "இவனுக்கு இரக்கமே கிடையாது" என்று மற்றவர்கள் முணுமுணுக்கின்றனர்.

மறுநாள் காலையில் அவன் ஒரு தாளை அவள் மேசைமேல் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் தன் இடத்திற்குச் செல்கிறான். தாளில் ஒரு நீராவி எஞ்சின் வரையப்பட்டுள்ளது. தன் தாத்தா இரயில் ஓட்டுநராக இருந்தவர் என்று சென்ற ஆண்டு அவள் ஒருமுறை கூறியதை அவன் மறக்கவில்லை.

அவனிடம் இல்லாதது இரக்கமா? அல்லது, இருந்த இரக்கத்தை மற்றவர்கள் எதிர்பார்த்த வகையில் அவன் முகம் காட்டவில்லையா? இவ்விரண்டும் வெவ்வேறு என்பதை உணர்வதே இப்பாடத்தின் நோக்கம்.

முகத்தை ஆராய்ந்தோர்

உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவதை மெய்ப்பாடு என்பது தமிழ் மரபு. தொல்காப்பியம் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, அவற்றிற்கெனத் தனி இயலையே அமைத்துள்ளது. திருக்குறளில் 'குறிப்பறிதல்' என்னும் பெயரில் இரண்டு அதிகாரங்கள் உள்ளன. பிறர் சொல்லாததை அறிதல் எத்துணைச் சிறப்புடையதாகக் கருதப்பட்டது என்பதை இவை காட்டும்.

அறிவியலாளரும் இதனை ஆராய்ந்தனர். மனிதரும் விலங்குகளும் உணர்ச்சிகளை வெளிப்படுத்தும் முறை பற்றி 1872ஆம் ஆண்டு சார்லஸ் டார்வின் ஒரு நூல் வெளியிட்டார். அமெரிக்க உளவியலாளர் பால் எக்மன், வெளியுலகத் தொடர்பு மிகக் குறைந்திருந்த பப்புவா நியூ கினி மக்களிடம் புகைப்படங்களைக் காட்டி ஆய்வு செய்தார். மகிழ்ச்சி, துயரம், சினம், அச்சம், அருவருப்பு, வியப்பு ஆகிய ஆறும் எந்நாட்டவர் முகத்திலும் ஒத்த வகையில் தோன்றும் என்பது அவர் கொள்கை. முகக்குறிப்புகள் பண்பாட்டிற்கும் சூழலுக்கும் ஏற்ப வேறுபடும் என்று அதனை மறுப்போரும் உளர்.

ஆட்டிசம் என்பது யாது?

ஆட்டிசம் என்பது மூளை வளர்ச்சியில் அமையும் ஒரு வேறுபாடு, தொற்றக்கூடிய நோயன்று. தமிழில் இதனை மதியிறுக்கம் என்றும் எழுதுவர். 1943ஆம் ஆண்டு லியோ கானர் என்னும் மருத்துவர் அமெரிக்காவில் 11 குழந்தைகளிடம் கண்ட இயல்புகளை விரிவாக எழுதினார். அதன் பின்னரே இப்பெயர் பரவலாயிற்று.

ஆட்டிசம் உடையோர் அனைவரும் ஒரே இயல்பினர் அல்லர். சிலர் சரளமாகப் பேசுவர். சிலர் பேச்சின்றிப் படங்களாலோ எழுத்தாலோ கருத்தைத் தெரிவிப்பர். சிலருக்கு அன்றாட வாழ்வில் மிகுந்த துணை தேவை. சிலருக்குச் சிறிது போதும். ஒலி, ஒளி, தொடுதல் ஆகியவற்றைப் பலர் மிகக் கூர்மையாக உணர்வர். பிறர் சொல்லாமல் குறிப்பாகக் காட்டுவதை அறிவதில் பலருக்குக் கடினம் உண்டு.

கண்கள் எங்கே நோக்குகின்றன?

நாம் ஒருவருடன் பேசும்போது நம் பார்வை நம்மை அறியாமலே அவர் கண்களை நாடுகிறது. 2002ஆம் ஆண்டு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அமி கிளின் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். திரைப்படக் காட்சிகளைக் காண்போரின் பார்வை எங்கெங்குச் செல்கிறது என்பதைக் கருவியால் அளந்தனர். மற்றவர்கள் பெரும்பாலும் நடிகர்களின் கண்களை நோக்கினர். ஆட்டிசம் உடைய இளைஞர்களோ வாய், உடல், சுற்றியிருந்த பொருள்கள் ஆகியவற்றை மிகுதியாக நோக்கினர்.

கண்களை நோக்காமை அலட்சியத்தால் விளைவதன்று. கண்ணோடு கண் நோக்குவது தமக்கு வேதனை தருவதாக ஆட்டிசம் உடையோர் பலர் எழுதியுள்ளனர். கண்ணைப் பார்த்தால் காது கேட்பதில் கவனம் நிற்பதில்லை என்றும் சிலர் கூறுவர். ஆகவே, சாளரத்தை நோக்கியிருப்பவர் நாம் பேசுவதை மிகக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

மேலும், புகைப்படத்து முகம் வேறு. உயிருள்ள முகம் வேறு. படத்தில் தெளிவாகத் தெரியும் சிரிப்பையும் சினத்தையும் ஆட்டிசம் உடையோர் பலரும் நன்கு இனங்காண்பர். நேரிலோ, முகக்குறிப்பு நொடிப்பொழுதில் தோன்றி மறைகிறது. அதே வேளையில் குரலும் சொல்லும் சுற்றுப்புற ஓசையும் ஒன்றாக வந்து சேர்கின்றன. வாய் 'பரவாயில்லை' என்று சொல்ல, முகம் 'வருத்தம்' என்று காட்டும்போது எதை நம்புவது? மற்றவர்கள் எண்ணாமலே செய்யும் இக்கணக்கை ஆட்டிசம் உடையோர் பலர் ஒவ்வொரு முறையும் எண்ணி எண்ணிச் செய்ய வேண்டியுள்ளது. அதனால் விடை கிடைப்பதற்குள் பேச்சு வேறிடம் சென்றுவிடுகிறது.

இன்னொரு காரணத்தையும் ஆய்வாளர் காட்டுவர். தம் உணர்ச்சி இன்னதென்று தாமே அறிந்து பெயரிட முடியாத நிலைக்கு அலெக்சிதைமியா என்று பெயர். இஃது ஆட்டிசம் உடையோரில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் காணப்படுகிறது. ஆட்டிசம் இல்லாத சிலரிடமும் உண்டு. முகக்குறிப்பை அறிவதில் உள்ள கடினத்திற்கு ஆட்டிசத்தைவிட இதுவே பெரிய காரணமாகலாம் என்று ஜெஃப்ரி பேர்ட், ரிச்சர்ட் குக் ஆகியோர் 2013ஆம் ஆண்டு எழுதினர். எனவே, 'ஆட்டிசம் உடையவர் எவருக்கும் முகம் படிக்கத் தெரியாது' என்று பொதுவாகக் கூறுவது பிழை.

குறை ஒருபுறம் மட்டுமா?

நெடுங்காலம் ஆய்வாளர் ஒரு திசையிலேயே வினா எழுப்பினர்: 'இவர்கள் ஏன் நம்மை அறிவதில்லை?' ஆட்டிசம் உடையவரும் ஆய்வாளருமான டேமியன் மில்டன் 2012ஆம் ஆண்டு அவ்வினாவைத் திருப்பிக் கேட்டார். இருவர் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளவில்லையெனில் அக்குறையை ஒருவர்மேல் மட்டும் சுமத்துவது முறையா? உலகை வெவ்வேறு வகையில் உணரும் இருவரிடையே எழும் இடர்ப்பாடு இருபுறமும் உள்ளது என்பது அவர் கருத்து.

2016ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்றாகும். சிலரிடம் நகைச்சுவை கூறினர், சிலரைப் பாராட்டினர், சிலரைக் காத்திருக்கச் செய்தனர். அப்போது அவர்கள் முகம் காட்டியதைப் படம் பிடித்தனர். பின்னர் அப்படத்தைப் பிறருக்குக் காட்டி, 'இவருக்கு என்ன நேர்ந்தது?' என்று கேட்டனர். ஆட்டிசம் உடையோரின் முகத்தைக் கண்டு விடை கூறுவதே பார்த்தவர்களுக்குக் கடினமாக இருந்தது. அவர்கள் முகம் பேசாமல் இல்லை. பார்த்தவர்களுக்கு அம்மொழி பழக்கமில்லை.

நாம் அறிந்த ஓர் உவமை

தமிழகத்திற்கு வெளியே வளரும் உங்களுக்கு இது புதிதன்று. நம் வீடுகளில் பெரியோர் 'சரி' என்பதற்குத் தலையை இருபுறமும் மெல்ல அசைப்பதைக் கண்டிருப்பீர்கள். அவ்வழக்கம் அறியாதவர் அதனை 'இல்லை' என்று கொள்வதுண்டு. ஊரிலிருந்து வந்த பாட்டி அண்டை வீட்டாரிடம் பேசாமல் நிற்பதைச் செருக்கு என்று சிலர் எண்ணலாம். உண்மையில் அவருக்கு அவர்கள் மொழி வரவில்லை, அவ்வளவே. பாட்டிக்கும் அன்பு உண்டு. அண்டை வீட்டாருக்கும் அன்பு உண்டு. இடையில் இல்லாதது பொதுமொழி ஒன்றே.

நாம் செய்யக்கூடியவை

பொதுமொழியாக அமையத்தக்கது தெளிவான சொல். வருத்தமாக இருந்தால், "எனக்கு வருத்தமாக இருக்கிறது, சற்று நேரம் என் அருகில் இரு" என்று சொல்லலாம். கேலியாக ஒன்றைக் கூறினால், "விளையாட்டுக்குச் சொன்னேன்" என்று சேர்த்துச் சொல்லலாம். "என் கண்ணைப் பார்த்துப் பேசு" என்று வற்புறுத்தாமல் இருக்கலாம். விடை வரச் சற்றுக் காத்திருக்கலாம். எல்லாவற்றிற்கும் மேலாக, ஒருவர் முகத்தைக் கண்டு அவர் மனத்தைத் தீர்மானிக்கும் முன், "நீ என்ன நினைக்கிறாய்?" என்று அவரிடமே கேட்கலாம்.

முதலில் கண்ட மாணவன் கேட்ட கேள்வியை மீண்டும் எண்ணுங்கள். "உன் தாத்தாவுக்கு எத்தனை வயது?" என்பது, அவள் தாத்தாவைப் பற்றி மேலும் அறிய விரும்பிய ஒருவனின் கேள்வி. அன்று எவரும் அவனுக்கு விடை சொல்லவில்லை. எஞ்சின் படத்தைக் கையில் எடுத்த அவள், அவனிடம் சென்று, "எழுபத்தெட்டு" என்றாள். "எந்த எஞ்சின் ஓட்டினார்?" என்று அவன் கேட்டான். அவள் சொல்லத் தொடங்கினாள். அவன் சாளரத்தை நோக்கியவாறே ஒரு சொல்லும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

தெரிந்து தெளிவோம்

இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை மாற்றுத்திறன்களைக் குறிப்பிடுகிறது. அவற்றுள் ஆட்டிசமும் ஒன்று. ஐக்கிய நாடுகள் அவையின் முடிவின்படி, 2008ஆம் ஆண்டு முதல் ஏப்ரல் 2ஆம் நாள் உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

சிந்தித்து விடையளிக்க

1. படத்தில் உள்ள முகத்தை அறிவதைவிட நேரில் காணும் முகத்தை அறிவது ஏன் கடினமாகிறது?
2. டேமியன் மில்டன் எழுப்பிய வினா, அதற்கு முன் இருந்த வினாவிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?
3. உங்கள் செய்கையையோ முகக்குறிப்பையோ பிறர் தவறாகப் புரிந்துகொண்ட நிகழ்ச்சி ஒன்றைப் பத்து வரிகளில் எழுதுக.