ஏழு விநாடியும் ஒரு குடும்பமும்

காலையிலிருந்து மாலைவரை போட்டியிட்டு வெற்றிக் கிண்ணத்தைக் கையில் ஏந்தும் ஒரு வீரர், அன்றைய தினம் உண்மையில் பந்தயம் ஓடிய நேரம் எவ்வளவு என்று கூட்டிப் பார்த்தால் அரை நிமிடம்கூடத் தேறாது! கேட்பதற்கு விந்தையாக இருக்கிறதல்லவா? அமெரிக்க ஐக்கிய நாட்டிலே பெருவழக்கில் உள்ள மோட்டார் சைக்கிள் டிராக் பந்தயத்தின் கணக்கு இதுதான். இறுதிநாளில் பதினாறு பேர் களத்தில் இறங்குவர். ஒவ்வொரு சுற்றிலும் இருவர் இருவராக ஓடித் தோற்றவர் விலக, பதினாறு எட்டாகி, எட்டு நான்காகி, நான்கு இரண்டாகும். வெல்பவர் ஓடுவது நான்கே முறை. ஒவ்வோர் ஓட்டத்துக்கும் ஏழு விநாடிக்குச் சற்றுக் குறைவான நேரமே செல்லும்.

அரை நிமிடம் போக எஞ்சிய நாளெல்லாம் என்ன நடக்கிறது? ஆண்டின் மற்ற நாட்களில் என்ன நடக்கிறது? இவ்வினாக்களுக்கு விடை தேடிச் சென்றால், நாம் வந்து சேரும் இடம் பந்தயத் திடலன்று. ஒரு குடும்பத்தின் பட்டறையாகும்.

பந்தயம் எப்படி நடைபெறுகிறது?

முதலில் இப்பந்தயத்தின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்வோம். வளைவு, மேடு, பள்ளம் எதுவுமற்ற நேரான பாதை. அதன் நீளம் கால் மைல், அதாவது ஏறக்குறைய 402 மீற்றர். இரண்டு வாகனங்கள் அருகருகே நிற்கும். அவற்றுக்கு முன்னால் ஒரு கம்பத்தில் வர்ண விளக்குகள் அடுக்கப்பட்டிருக்கும். பார்ப்பதற்கு நத்தார்ப் பண்டிகையில் அலங்கரித்த மரம்போல் இருப்பதால் அதற்குக் ‘கிறிஸ்மஸ் மரம்’ என்றே பெயர். மஞ்சள் விளக்குகள் ஒருங்கே எரிந்து, ஒரு விநாடியின் பத்தில் நான்கு பங்கு கழிந்ததும் பச்சை விளக்கு எரியும். பச்சைக்கு முன்னர் ஓர் இமைப்பொழுது முந்தினாலும் சிவப்பு விளக்கு எரிந்து, முந்தியவரின் ஓட்டம் பயனற்றதாகிவிடும்.

புறப்பட்ட ஒரு விநாடியளவில் மோட்டார் சைக்கிள் மணிக்கு 60 மைல் வேகத்தை எட்டிவிடும். முன்சக்கரம் மேலெழுந்து வாகனம் பின்னோக்கிக் கவிழாதிருக்க, பின்புறத்தில் நீண்ட கம்பிச் சட்டமொன்றைச் சிறு சக்கரங்களுடன் பொருத்தியிருப்பர். எல்லைக் கோட்டைக் கடக்கும்போது வேகம் மணிக்கு 200 மைல், அதாவது 320 கிலோமீற்றர் அளவில் இருக்கும். ‘புரோ ஸ்டொக்’ எனப்படும் பிரிவில் அந்த 200 மைல் எல்லையை முதன்முதலில் 2018-ஆம் ஆண்டிலே கடந்தவர் ஹெக்டர் அரானா என்ற இளைஞர். அவருடைய தந்தையின் பெயரும் ஹெக்டர் அரானாவே. அத்தந்தையார் 2009-ஆம் ஆண்டில் இதே பிரிவின் தேசிய வெற்றிவீரராக விளங்கியவர். தந்தை வென்ற களத்திலே மைந்தன் புதிய எல்லையைத் தாண்டினார்.

மாணவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. பச்சை விளக்கு எரிந்தபின் 0.020 விநாடியில் புறப்பட்ட ஒருவர் 6.80 விநாடியில் ஓடி முடிக்கிறார். மற்றவர் 0.060 விநாடியில் புறப்பட்டு 6.78 விநாடியில் ஓடுகிறார். இரண்டாமவரின் வாகனமே வேகம் கூடியது. ஆயினும் வெற்றி யாருக்கு? கூட்டிப் பாருங்கள்: முதல்வருக்கு 6.820, மற்றவருக்கு 6.840. வேகம் குறைந்த வாகனம் வென்றுவிட்டது! மனிதனின் விழிப்பும் இயந்திரத்தின் வலிமையும் ஒன்றுக்கொன்று ஈடுகொடுப்பதே இப்பந்தயத்தின் சுவை.

பட்டறையில் பிறந்த பந்தயம்

இந்த விளையாட்டை நாடு முழுவதற்கும் பொதுவான ஒழுங்குக்குள் கொண்டுவந்த தேசியச் சங்கத்தை 1951-ஆம் ஆண்டில் நிறுவியவர் வாலி பார்க்ஸ் என்பவர். ‘புரோ ஸ்டொக்’ மோட்டார் சைக்கிள்கள் அச்சங்கத்தின் முழுமையான தொழில்முறைப் பிரிவாக ஆனது 1987-ஆம் ஆண்டில். அதற்கு முன்பிருந்தே புகழ் பெற்றிருந்த இரு பெயர்கள் டெரி வான்ஸ், பைரன் ஹைன்ஸ் என்பன. கலிபோர்ணியாவில் ஒரே தொழிற்கூடத்திலே பணிபுரிந்த இவ்விருவரும் நண்பர்களாகிப் பின்னர் தமக்கென ஒரு நிறுவனத்தைத் தொடங்கினர். வான்ஸ் வாகனத்தில் ஏறுவார். ஹைன்ஸ் அதனை உருவாக்குவார். மக்கள் கூடி ஆரவாரித்தது வான்ஸைக் கண்டுதான். எஞ்சினைத் திறந்து, அளந்து, தேய்த்து, மீண்டும் பூட்டிய கைகளோ ஹைன்ஸினுடையவை.

அப்படிப் பின்னணியிலேயே நின்று பழகிய தந்தையின் வீட்டிலே இரு புதல்வர்கள் வளர்ந்தனர். மூத்தவர் மாட், இளையவர் அன்ட்ரூ.

மாட் ஹைன்ஸ் 1996-ஆம் ஆண்டில் இப்பிரிவில் ஓடத் தொடங்கினார். டேவ் ஷூல்ட்ஸ், ஜோன் மயர்ஸ் என்ற இரு பெருவீரர்கள் பட்டத்தைத் தமக்குள் மாறி மாறி வைத்திருந்த காலம் அது. அடுத்த ஆண்டிலேயே மாட் பட்டத்தை வென்றார். 1997, 1998, 1999 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அப்பட்டம் அவரிடமே இருந்தது. அவர் ஏறியது தந்தை இயற்றிய சுசுக்கி.

இதன் பின்னர் நடந்ததே நாம் கவனிக்கவேண்டியது. பட்டங்கள் பெற்ற வீரர் ஓட்டத்தை நிறுத்தும்போது பெரும்பாலும் களத்தை விட்டே அகன்றுவிடுவார். மாட் அகலவில்லை. தந்தை நின்ற இடத்திற்குச் சென்றார். தம்பி அன்ட்ரூ ஹார்லி-டேவிட்சன் வாகனத்தில் ஏற, தந்தையும் தமையனும் அதன் இயந்திரத்தைக் கவனித்தனர். 2004-ஆம் ஆண்டில் அன்ட்ரூ தேசியப் பட்டத்தை வென்றார். அப்போது அவருக்கு வயது 21. அச்சங்கத்தின் பந்தயங்களில் ஹார்லி-டேவிட்சன் பெற்ற முதற் பட்டமும் அதுவே. 2005, 2006, 2014, 2015, 2019 ஆகிய ஆண்டுகளிலும் வென்று, மொத்தம் ஆறு பட்டங்களை அவர் தமதாக்கினார். ஒரே வீட்டிற்கு ஒன்பது பட்டங்கள்!

பின்னால் நிற்பவரின் பணி

பின்னால் நிற்பது என்றால் சும்மா நிற்பதா? ஒருபோதும் இல்லை. எஞ்சினுக்கும் மூச்சு உண்டு. வெப்பமும் ஈரமும் மிகுந்த பகலில் காற்றிலே பிராணவாயுவின் செறிவு குறையும். எஞ்சினின் பலமும் குறையும். காலையில் பொருந்திய அளவு பிற்பகலில் பொருந்தாது. டென்வர் நகரத்தின் அருகே, கடல்மட்டத்திற்கு 1,700 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் பண்டிமியர் என்ற குடும்பத்தார் 1958 முதல் 2023 வரை ஒரு பந்தயத் திடலை நடத்தி வந்தனர். மலைக்காற்றின் மெலிவினால் அங்கு ஓடிய எல்லா வாகனங்களும் வழமையான வேகத்தை இழந்தன. சமவெளியில் சரியாக இருந்த கணக்கையெல்லாம் அங்கு வந்தவர்கள் புதிதாகப் போட வேண்டியதாயிற்று.

பாதையின் சூடு, ரயரின் காற்றழுத்தம், கிளச் பிடிக்கும் விதம், பற்சக்கரங்களின் விகிதம் என்று மாற்றவேண்டியவை பல. ஒவ்வோர் ஓட்டத்தின் பதிவையும் கருவிகளில் படித்து, அடுத்த சுற்றுக்கு முன்னர் முடிவெடுத்தாக வேண்டும். ஓட்டுபவரும் வாகனமும் சேர்ந்து குறிப்பிட்ட எடைக்குக் குறையக்கூடாது என்பது விதி. எடை வீணாகக் கூடினாலோ வேகம் குறையும். எனவே வீட்டுச் சமையலறையில் பரிமாறப்படும் உணவும் இப்பந்தயத்தின் கணக்கிலே சேர்ந்துவிடுகிறது!

இவற்றைவிடப் பாரமானது மற்றொன்றுண்டு. ஓட்டுபவர் அச்சமின்றிக் கைப்பிடியைத் திருகுவது, பின்னால் நிற்பவர் ஒவ்வோர் ஆணியையும் சரியாக முடுக்கியிருப்பார் என்ற நம்பிக்கையினாலேயே. அந்த நம்பிக்கைக்கு உரியவர் தந்தையாகவோ, தமையனாகவோ, வாழ்க்கைத் துணையாகவோ இருந்தால், முடுக்கும் கை எவ்வளவு பொறுப்பைச் சுமக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

கணவன் இயற்ற, மனைவி ஓட்ட

வட கரோலினா மாநிலத்தைச் சேர்ந்த மாட் ஸ்மித், கார் டிராக் பந்தயங்களில் புகழ் பெற்ற ரிக்கி ஸ்மித்தின் புதல்வர். 2007, 2013, 2018, 2020, 2021, 2022 என ஆறு ஆண்டுகளில் மோட்டார் சைக்கிள் பட்டத்தை வென்றவர். அவருடைய பாரியார் அஞ்சி ஸ்மித்தும் அதே பிரிவில் போட்டியிடும் வீராங்கனை. மனைவி ஏறும் வாகனத்தின் எஞ்சினைத் தயார் செய்பவர் கணவர். சுற்றுகளின் வரிசைப்படி இருவரும் எதிரெதிரே நிற்க நேர்ந்தால், தாம் இயற்றிய எஞ்சினையே தாம் தோற்கடிக்க வேண்டிய நிலை அவருக்கு ஏற்படும்.

கேட்பதற்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயின், 2023-ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் சென். லூயிஸ் நகருக்கு அருகே நடைபெற்ற பந்தயத்திலே அஞ்சியின் வாகனம் பெருவேகத்தில் நிலை தவறிச் சரிந்தது. அவர் பாதையில் நெடுந்தூரம் இழுபட்டுச் சென்று, காயங்களுடன் உயிர் தப்பினார். அடுத்த ஆண்டில் மீண்டும் களத்தில் இறங்கினார். விழுந்தவர் எழுந்து ஓடுவதை வீரம் என்று உலகம் போற்றும். அவருக்காக மற்றுமோர் இயந்திரத்தைப் பூட்டி, அவரை மீண்டும் கோட்டிற்கு அனுப்பிவைக்கும் மனத்தை என்னவென்று சொல்வது?

எல்லாக் குடும்பங்களுக்கும் அத்தகைய பேறு வாய்த்துவிடவில்லை. நைற்றோமீதேன் என்னும் கடும் எரிபொருளில் ஓடும் மோட்டார் சைக்கிள்களைத் தாமே வடிவமைத்து, தாமே செலுத்திப் பெரும்புகழ் பெற்றவர் எல்மர் ட்ரெட். அவர் பாரியார் ஜாக்கி, திடலுக்குத் திடல் உடன் சென்று அருகே நின்று பணியாற்றியவர். 1996-ஆம் ஆண்டு செப்டெம்பர் 1-ஆந் தேதி, இண்டியானாபொலிஸ் நகரில் நடைபெற்ற தேசியப் பந்தயத்தின்போது, மணிக்கு 200 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் ட்ரெட் வாகனத்திலிருந்து வீழ்ந்து உயிர் துறந்தார். இவ்விளையாட்டின் கவர்ச்சியைச் சொல்பவர்கள் இதையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஏழு விநாடி இன்பம் என்று இதனைக் கொண்டாடும்போது, அந்த ஏழு விநாடியையும் மூச்சடக்கிப் பார்த்து நிற்கும் ஒரு மனைவியையோ தந்தையையோ மறந்துவிடலாகாது.

இத்தனை இடர் இருந்தும் ஏன் இதனை விடாது செய்கிறார்கள் என்று நம்மில் பலருக்குக் கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வியே. இதனை எல்லோருக்கும் ஏற்ற விளையாட்டென்று நாம் பரிந்துரைக்கவில்லை. விதிமுறையும் காவலும் மருத்துவ உதவியும் உள்ள மூடிய பாதையிலே, ஆண்டுக்கணக்கான பயிற்சியின் பின் செய்யப்படுவது இது. பொதுத் தெருவிலே இளைஞர் சிலர் வேகம் காட்டுவதற்கும் இதற்கும் எவ்வித உறவுமில்லை. ஆயினும், ஒரு தொழிலைத் தலைமுறை தலைமுறையாகப் பேணும் குடும்பங்களுக்கு அத்தொழிலே பேச்சும் உறவும் ஆகிவிடுகிறது என்பதை இவர்களைப் பார்க்கும்போது உணர்கிறோம். தந்தை மைந்தனுக்குச் சொல்லவேண்டிய பலவற்றை, அருகிலிருந்து ஓர் எஞ்சினை ஒன்றாகப் பூட்டுவதன் மூலமே சொல்லிவிடுகிறார் போலும்.

இடம் மாறிய அன்ட்ரூ

ஹைன்ஸ் குடும்பத்தின் கதைக்கு ஒரு பின்னுரை உண்டு. ஆறாவது பட்டத்தை 2019-இல் வென்ற அன்ட்ரூ, அதன்பின் வாகனத்திலிருந்து இறங்கிவிட்டார். அவரும் களத்தை விட்டுச் செல்லவில்லை. தந்தையும் தமையனும் முன்னர் நின்ற இடத்திலே தாமும் போய் நின்று, பிறருடைய வாகனங்களைச் சீர் செய்யும் பொறுப்பை ஏற்றார். அவ்வாறு அவர் பொறுப்பேற்ற வாகனத்தில் ஓடிய கேஜ் ஹெரேரா என்ற இளைஞர் 2023-ஆம் ஆண்டிலும் 2024-ஆம் ஆண்டிலும் தேசியப் பட்டத்தை வென்றார்.

ஹெரேரா அக்குடும்பத்தில் பிறந்தவரல்லர். ஆனால் அன்ட்ரூ அவருக்கு அளித்தது, தம் தந்தை முதலில் ஒரு நண்பருக்கும் பின்னர் தம் புதல்வர்களுக்கும் அளித்த அதே உழைப்பையேயாகும். விளக்கு பச்சையாகும்; ஓட்டுபவர் பறந்து செல்வார். புறப்பட்ட கோட்டின் அருகே, பிறர் கண்ணில் படாமல் ஒருவர் நின்று, தொலைவில் ஒளிரும் இலக்கங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நமது இல்லங்களிலும் இத்தகையவர்கள் இருக்கிறார்கள். பரீட்சையில் சித்தியெய்தும் பிள்ளையின் பெயர் பத்திரிகையில் வரும். அதிகாலையில் எழுந்து விளக்கேற்றி அப்பிள்ளையை எழுப்பிவிட்ட தாயின் பெயர் வருவதில்லை. அடுத்த முறை யாராவது ஒருவர் வெற்றிக் கிண்ணத்துடன் நிற்கும் படத்தைக் காணும்போது, அவருக்குப் பின்னால் நிற்பவர் யார் என்று சற்றே உற்றுப் பாருங்கள்.