இசைக்குழுவின் பாணி மாற்றமும் ரசிகர் விவாதமும்: ஹிப்ஹாப் தமிழாவை முன்வைத்து

ஓர் இசைக்குழு தன் தொடக்ககாலப் பாடல்களால் ஒரு ரசிகர் கூட்டத்தைச் சேர்க்கிறது. சில ஆண்டுகள் கழித்துக் கருவி, தாளம், பாடுபொருள், குரல் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ மாறுகின்றன. உடனே ரசிகர்கள் இரண்டாகப் பிரிகின்றனர். 'பழைய பாட்டுக்கு ஈடு உண்டா?' என்பார் ஒரு பக்கம். 'அதையேதான் ஆயுசுக்கும் பாட வேண்டுமா?' என்பார் மறுபக்கம். மேலைநாட்டு ராக் குழுக்களைச் சுற்றி அறுபது ஆண்டுகளாக நடந்துவரும் விவாதம் இது. கொங்கு நாட்டில் இதற்கு மிக அருகில் வரும் எடுத்துக்காட்டு, கோயம்புத்தூர்க்காரரான ஆதி தம் நண்பர் ஜீவாவுடன் சேர்ந்து உருவாக்கிய 'ஹிப்ஹாப் தமிழா' ஆகும். அது ராக் குழு அன்று. ராப் எனப்படும் சொல்லிசையைப் பாடும் இரட்டையர். ஆயினும் தனி ஆல்பத்தில் தொடங்கித் திரைப்படத்துக்குப் போனதால் எழுந்த வாக்குவாதம் ராக் ரசிகர்களின் வாக்குவாதத்தோடு ஒப்பிடத் தக்கது.

இக்கட்டுரையை எழுதத் தூண்டியவர்கள் என் பழைய மாணவர்கள் இருவர். அந்தியூரில் ஒரு தேநீர்க் கடையில் இருவரும் இதைப் பற்றிச் சண்டையே போட்டுக்கொண்டிருந்தார்கள். "படத்துக்குப் போன அன்னைக்கே எல்லாம் முடிஞ்சுதுங்க சார்" என்றான் ஒருவன். "ஏனுங்க சார், படத்துக்குப் போகாம வெறும் ஆல்பத்த வெச்சுட்டுச் சோறு திங்க முடியுமாங்க?" என்றான் மற்றவன். என்னிடம் தீர்ப்புக் கேட்டார்கள். எனக்கு அப்போது சொல்லத் தெரியவில்லை.

ராக் உலகில் நடந்தவை

இவ்விவாதத்தின் புகழ்பெற்ற தொடக்கம் பாப் டிலன். நாட்டுப்புறக் கிட்டாரும் வாய் ஆர்மோனிகாவுமாகப் பாடி அமெரிக்க இளைஞர்களைக் கவர்ந்தவர் அவர். 1965 ஜூலை 25 அன்று நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் மின்கிட்டாருடனும் பக்கவாத்தியக் குழுவுடனும் மேடையேறினார். கூட்டத்தில் கூச்சல் எழுந்தது. அந்தக் கூச்சல் இசைக்கு எதிரானதா, ஒலிபெருக்கி சரியில்லாததற்கா, பாட்டுகள் குறைவாக இருந்ததற்கா என்று இன்றும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மறு ஆண்டு மே மாதம் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஒருவர் அவரை இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசின் பெயரால் அழைத்தே கத்தினார். கருவி மாறியதற்குத் துரோகி என்ற பெயர் கிடைத்தது.

மெட்டாலிகா குழுவின் கதை வேறு. 1988இல் வந்த அவர்களின் ஆல்பத்தில் ஏழெட்டு நிமிடம் ஓடும் சிக்கலான பாடல்கள் இருந்தன. தலைப்புப் பாடல் பத்து நிமிடத்தை நெருங்கியது. 1991இல் பாப் ராக் என்ற தயாரிப்பாளருடன் சேர்ந்து குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட ஆல்பத்தை வெளியிட்டபோது பாடல்கள் சுருங்கின, வேகம் தணிந்தது, மெட்டு எளிதானது. அமெரிக்காவில் மட்டும் 1.6 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. பழைய ரசிகர்களோ 'விலைபோய்விட்டார்கள்' என்றனர். ரேடியோஹெட் குழுவுக்கு நேர்ந்தது இதற்கு எதிர்மாறானது. 1997இல் கிட்டார் இசையால் உச்சத்தைத் தொட்ட அவர்கள், 2000ஆம் ஆண்டின் 'கிட் ஏ' ஆல்பத்தில் கிட்டாரைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு மின்னணு ஒலிகளுக்குப் போனார்கள். 'புரியவில்லை' என்று குறைப்பட்டவர்கள் பலர். எளிமையானாலும் ஏச்சு, கடினமானாலும் ஏச்சு.

இம்மூன்றிலும் ஓர் ஒற்றுமையைக் கவனிக்கலாம். மாற்றத்தைத் தேர்ந்தெடுத்தவர் பாடகரே அல்லது குழுவே. தங்கள் சொந்த ஆல்பத்தில், தங்கள் பெயரில் மாறினார்கள். ஆகவே ரசிகர் கோபமும் நேராக அவர்கள் மேல் பாய்ந்தது.

ஆள் மாறினால்?

இந்தியாவில் நடந்த ஒரு மாற்றம் இவற்றினின்று வேறுபட்டது. 1990இல் சுஸ்மித் சென், அஷீம் சக்கரவர்த்தி ஆகியோர் தில்லியில் தொடங்கிய 'இந்தியன் ஓஷன்', தபலாவையும் கிட்டாரையும் நாட்டுப்புறப் பாடலையும் ஒன்றுசேர்த்த குழு. 2000ஆம் ஆண்டில் வந்த 'கந்தீசா' ஆல்பம் அவர்களை நாடறியச் செய்தது. 2009 டிசம்பர் 25 அன்று அஷீம் காலமானார். தபலா வாசித்துக்கொண்டே பாடியவர் அவர். ஆகையால் தாளமும் குரலும் ஒரே நாளில் போயின. 2013இல் சுஸ்மித் சென்னும் விலகினார். புதியவர்களைச் சேர்த்துக்கொண்டு 2014இல் 'தண்டானு' ஆல்பத்தை வெளியிட்டனர். இதைக் கேட்டுப் 'பழைய ஓஷன் இல்லை' என்று சொல்பவரைக் குறைசொல்ல முடியாது; உண்மையிலேயே அது பழைய ஓஷன் இல்லை. ஆனால் இறப்பைப் பாணி மாற்றம் என்று கணக்கெழுதுவது சரியாகாது.

நம் ஊரில் 'இசைக்குழு'

தமிழ்நாட்டு நிலையைப் புரிந்துகொள்ள ஒரு சிறு விலகல் தேவைப்படுகிறது. எங்கள் பக்கத்துக் கோயில் விழாக்களில் இசைக்குழு என்றால் சினிமாப் பாட்டுக் கச்சேரி செய்யும் ஆர்கெஸ்ட்ராதான். அதற்குச் சொந்தப் பாணி என்று ஒன்று இருக்கக் கூடாது. ரேடியோவில் கேட்டது அப்படியே மேடையில் வர வேண்டும். புல்லாங்குழல் வரும் இடத்தில் கீபோர்டு வாசித்தால் முன்வரிசையில் முணுமுணுப்பு எழும். அச்சு அசலாகப் பாடுபவருக்கே கைதட்டு. சொந்தமாகப் பாட்டு எழுதி, சொந்தக் குரலில் பாடி, அதற்கென ஒரு கூட்டத்தைத் திரட்டும் குழு என்னும் கருத்து நமக்கு மெதுவாகவே வந்தது.

அப்படிப்பட்ட குழுக்கள் இல்லாமல் இல்லை. ஏ.ஆர்.ரகுமானே இளமையில் சென்னையில் 'நெமசிஸ் அவென்யூ' என்ற ராக் குழுவில் இருந்தவர். ஆனால் ரகுமானின் பாணியைப் பற்றி நாம் வாதிடத் தொடங்கியது 1992இல் 'ரோஜா' படம் வந்த பிறகுதான். திரைப்படத்துக்கு வெளியே அவர் வாசித்ததைக் கேட்டவர் சிலரே. ராப்பும் இப்படித்தான்: 1994இல் 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்' வழியாகவே பெரும்பாலோர் காதில் முதலில் விழுந்தது. மலேசியத் தமிழரான யோகி பி, 'நட்சத்திரா' குழுவுடன் 2006இல் 'வல்லவன்' ஆல்பத்தை வெளியிட்டபோது, படம் இல்லாமலே தமிழ் ராப் நிற்கும் என்று காட்டினார். நம் ஊர்ப் பையன்கள் பலருக்கு அது ஒரு திறப்பாக அமைந்தது.

ஹிப்ஹாப் தமிழா: என்ன மாறியது?

ஹிப்ஹாப் தமிழா இரட்டையர் இணையத்தில் பாடல்களை ஏற்றிப் பெயர் பெற்றவர்கள். 2012இல் 'ஹிப்ஹாப் தமிழன்' என்ற ஆல்பம் வெளிவந்தது. தமிழ்ப் பற்று, தன்னம்பிக்கை, நகரத்து வாழ்க்கை மீதான கேலி எல்லாம் அவர்களுடைய பாட்டில் இருந்தன. மிகுதியாகப் பரவிய 'கிளப்புல மப்புல' பாட்டுக்கு வரவேற்பும் கிடைத்தது, பெண்களைப் பற்றிய அதன் பார்வைக்குக் கண்டனமும் கிடைத்தது. எனக்கும் அந்தப் பாட்டில் உடன்பாடு இல்லை. பழையவை எல்லாம் பொன் என்று பேசும் ரசிகர்கள் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

அதன்பின் வேகமாக நடந்தது. 2013இல் அனிருத் இசையமைத்த 'எதிர்நீச்சல்' படத்தின் தலைப்புப் பாடலில் ராப் பாடினார் ஆதி. 2015 பொங்கலுக்குச் சுந்தர்.சி இயக்கிய 'ஆம்பள' மூலம் இரட்டையர் இசையமைப்பாளர் ஆயினர். அதே ஆண்டில் 'இன்று நேற்று நாளை', மோகன் ராஜாவின் 'தனி ஒருவன்' ஆகியவையும் வந்தன. ஓர் ஆண்டுக்குள் மூன்று படங்கள். ஆல்பம் போடும் இளைஞர்களாக இருந்தவர்கள் இயக்குநருக்குப் பின்னணி இசை தரும் தொழிலாளர்களாக மாறினார்கள்.

'மாறிவிட்டார்கள்' என்ற குற்றச்சாட்டு எழுவது இங்கேதான். ஆனால் எது மாறியது? ராப் போகவில்லை, படப் பாடல்களிலும் இருந்தது. ஆதி பல பாடல்களைத் தாமே எழுதினார், தாமே பாடினார். ஆகவே சொல்லும் குரலும் பெரும்பாலும் அவரிடமே இருந்தன. கருவிகள் கூடின, பணம் கூடினால் கருவி கூடுவது இயல்பு.

மாறியது பாட்டில் வரும் 'நான்' என்பது என் கருத்து. சொல்லிசையில் பாடுபவர் 'நான்' என்றால் அது அவரே. அவர் ஊர், அவர் கோபம், அவர் பட்ட அவமானம். கேட்கும் பையன் அவரை நம்புவதற்கு அதுவே காரணம். திரைப்பாட்டில் வரும் 'நான்' கதாநாயகனுடையது. இயக்குநர் ஒரு சூழலைச் சொல்வார். அந்தக் கதாபாத்திரம் காதலில் இருந்தால் காதல், பழிவாங்கப் புறப்பட்டால் வீரம். 'தனி ஒருவன்' படத்தில் வில்லனுக்கும் ஓர் இசை தேவைப்பட்டது. அதை அவர்கள் திறமையாகவே செய்தார்கள். அப்படத்தின் பின்னணி இசையைப் பாராட்டாதவர் குறைவு. ஆயினும் அது கோயம்புத்தூர்ப் பையன் தன்னைப் பற்றிப் பேசிய பேச்சு அன்று. தேநீர்க் கடையில் என் மாணவன் இழந்ததாகச் சொன்னது இதைத்தான் என்று இப்போது தோன்றுகிறது. அவன் 'பீட்டு சரியில்ல' என்று வேறு சொற்களில் சொன்னான்.

இந்தக் கருத்துக்குச் சான்றாக 2017 ஜூலையில் வெளிவந்த 'மீசைய முறுக்கு' படத்தைக் காட்டலாம். ஆதியே எழுதி இயக்கி, நடித்து, இசையமைத்த படம். இசையில் முன்னேற விரும்பும் ஒரு கோவை இளைஞனின் கதை. பெரும்பகுதி அவருடைய சொந்த அனுபவம். இங்கே கதாநாயகனின் 'நான்' என்பதும் பாடகரின் 'நான்' என்பதும் ஒன்றாகிவிட்டன. இதுவும் சினிமாதான், பாடல்களும் சினிமாப் பாடல்களே. ஆனாலும் பழைய ரசிகர்கள் இதைத் தங்கள் படமாக ஏற்றுக்கொண்டதைக் கண்டேன். என்னிடம் சண்டையிட்ட இருவரும் ஒன்றாகப் பவானிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்த படம் அது. சினிமாதான் கெடுத்தது என்றால் இதற்கு விளக்கம் இல்லை.

ஜல்லிக்கட்டைப் பற்றிய 'டக்கரு டக்கரு' பாடலையும் இங்கே சேர்க்க வேண்டும். படங்களுக்கு இசையமைத்துக்கொண்டிருந்த காலத்திலேயே தனியாக வெளியிட்ட பாட்டு அது. 2017 தை மாதப் போராட்டத்தின்போது தமிழ்நாடெங்கும் ஒலித்தது. 2019இல் தமிழ் எழுத்துகளின் வரலாற்றைச் சொல்லும் 'தமிழி' என்ற ஆவணத் தொடரை இணையத்தில் வெளியிட்டனர். 'நா ஒரு ஏலியன்' என்ற தனி ஆல்பமும் பின்னர் வந்தது. ஆக, ஒரு வழியை விட்டு மறு வழிக்குப் போனார்கள் என்பதைக் காட்டிலும் இரண்டு வழியிலும் நடந்தார்கள் என்பதே பொருந்தும். 'படத்துக்குப் போனதும் முடிந்தது' என்ற வாதம் இவ்விடத்தில் வலுவிழக்கிறது.

கேட்பவர் பக்கம்

ரசிகர் விவாதத்தில் பேசப்படாத ஒன்று, கேட்பவரின் வயது. ஏறத்தாழ 10 வயது முதல் 30 வயதுக்குள் நடந்தவையே பிற்காலத்தில் மிகுதியாக நினைவுக்கு வருகின்றன என்று நினைவாற்றலை ஆராயும் உளவியலார் கூறுகின்றனர். அந்த வயதில் கேட்ட பாட்டோடு விடுதி அறையும், நண்பனும், தோற்ற தேர்வும் ஒட்டிக்கொண்டிருக்கும். புதிய பாட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதோடு இவை வரப்போவதில்லை.

இதற்கு நானும் விலக்கில்லை. வள்ளி கும்மியை நான் சிறுவனாக இருந்தபோது ஆண்கள் ஆடியே பார்த்திருக்கிறேன். இன்று சீருடைச் சேலையில் நூற்றுக்கணக்கான பெண்கள் ஆடுகிறார்கள், ஒலிபெருக்கி அதிர்கிறது. பெண்களுக்கு இக்கலையைக் கற்றுக்கொடுத்த கோவை மாவட்டக் கலைஞர் பத்ரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இந்த மாற்றம் இல்லாவிட்டால் கும்மி எங்கள் தலைமுறையோடு நின்றிருக்கக்கூடும் என்று அறிவு சொல்கிறது. இருந்தும், மைக் இல்லாத அந்தப் பழைய இராத்திரிப் பாட்டுக்கு மனம் ஏங்குகிறது. அந்த ஏக்கத்தை வைத்துக்கொண்டு இன்று ஆடும் பெண்களிடம் 'உங்கள் கும்மி சரியில்லை' என்று நான் சொல்வது எவ்வளவு அபத்தம்!

பிழைப்பு பற்றிய கேள்வி

என் மாணவன் கேட்ட 'சோறு திங்க முடியுமா' என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. மேலைநாட்டில் ஒரு ராக் குழு ஆல்பம் விற்றும் ஊர் ஊராகக் கச்சேரி செய்தும் வாழ வழி இருந்தது. மெட்டாலிகாவை 'விலைபோனார்கள்' என்று ஏசும்போது, விலைபோகாமலும் அவர்களால் வாழ்ந்திருக்க முடியும் என்பது அதில் அடங்கியுள்ளது. தமிழில் தனி இசைக்கு அப்படிப்பட்ட சந்தை சிறியது. இலவசமாக இணையத்தில் கேட்ட ரசிகர்களில் எத்தனை பேர் காசு கொடுத்து ஆல்பம் வாங்கினார்கள்? வாங்காதவர் 'ஏன் சினிமாவுக்குப் போனாய்' என்று கேட்பதில் ஒரு முரண் இருக்கிறது. இசையைத் தொழிலாக நடத்துவது எப்படி என்பதையே ஆதி ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டு, பாரதியார் பல்கலைக்கழகத்தில் 2023இல் முனைவர் பட்டம் பெற்றார்.

அதற்காக ரசிகரின் வருத்தம் பொய் என்று ஆகிவிடாது. அந்தியூரிலோ சத்தியமங்கலத்திலோ இருந்துகொண்டு தன் பேச்சில் தன் பாட்டை எழுதும் ஒரு பையனுக்கு, சினிமா வாய்ப்பு வரும் வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழி உண்டா என்பது இன்னும் திறந்தே கிடக்கும் கேள்வி. சண்டையிட்ட மாணவர்களில் ஆல்பம்தான் பெரிது என்று வாதிட்டவன், தானும் பாட்டு எழுதுகிறவன். பகலில் தறிப்பட்டறை வேலை. இரவில் கைப்பேசியில் பாடிப் பதிவு செய்கிறான். அதுவரை நாலைந்து பாட்டு முடித்திருந்தான். எனக்கு ஒன்றைப் போட்டுக் காட்டினான். தாளம் இரைச்சலாக இருந்தது, எனக்குப் பாதி சொல் பிடிபடவில்லை. ஆனால் பாவு நூல் அறுவது பற்றி அதில் இரண்டு வரி இருந்தது. திரும்பவும் போடச் சொல்லிக் கேட்டேன்.