தாத்தாவுக்கு எழுந்தவுடன் ஏன் தலை சுற்றுகிறது?

நாற்காலியிலிருந்து எழுந்ததும் தாத்தா சுவரைப் பிடித்துக்கொண்டு சற்று நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா? நாம் எழும்போது புவியீர்ப்பால் அரை லிட்டருக்கும் மேலான ரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. கழுத்துத் தமனியிலுள்ள அழுத்த உணரிகள் மூளைக்குத் தகவல் அனுப்புகின்றன. இதயம் வேகமெடுக்கிறது, ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. உங்களுக்கு இது நடப்பதே தெரியாது. முதுமையில் இந்த அனிச்சைச் செயல் மந்தமாகிவிடுகிறது. மூளைக்கு ரத்தம் குறைய, தலை சுற்றுகிறது, சிலர் விழுந்தும்விடுகிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், காரணம் ஒரே இடத்தில் இருப்பதில்லை. ரத்த அழுத்த மாத்திரையை ஒரு மருத்துவர் தந்திருப்பார், புரோஸ்டேட் மாத்திரையை இன்னொருவர். இரண்டுமே அழுத்தத்தைக் குறைக்கக்கூடும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிப் பார்ப்பவர் மருந்தாளர். படுக்கவைத்து ஒருமுறை, நிற்கவைத்து மறுமுறை அழுத்தத்தை அளப்பவர் தாதி. 3 நிமிடங்களுக்குள் மேல் அளவு 20 குறைந்தால் கவனிக்க வேண்டும். கால் தசையின் வலுவைச் சோதிப்பவர் இயன்மருத்துவர். குளியலறை வழுக்குகிறதா என்பதை அறிய யாராவது வீட்டுக்கே போகவேண்டும்! அனைத்தையும் சேர்த்துப் பார்த்தபிறகே எந்த மருந்தைக் குறைப்பது என்று குடும்ப மருத்துவர் முடிவெடுக்க முடியும்.

சிங்கப்பூரின் பலதுறை மருந்தகங்கள் சிலவற்றில் நாட்பட்ட நோயாளிகளை இப்படி ஒரே சிறு குழு தொடர்ந்து கவனிக்கிறது. வீவக வீடுகளில் கைப்பிடிக் கம்பி பொருத்த ‘ஈஸ்’ திட்டம் உண்டு.

வீட்டில் ஒரு சோதனை. பெரியவர் ஒருவர் அருகில் நிற்க, தாத்தா எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரட்டும். 12 வினாடிக்கு மேலானால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எல்லாவற்றையும் ஒரே பையில் கொண்டுபோங்கள், நாட்டு மருந்து உட்பட.