வேலைக்குத் தகுந்த கையுறை



மனிதனுக்கு வாய்த்த கருவிகளுள் தலைசிறந்தது அவனுடைய கையே ஆகும். ரப்பர் மரத்தைச் சீவுவதும் கை; செம்பனைக் குலையை அறுப்பதும் கை; பள்ளியிலே எழுதுகோலைப் பிடிப்பதும் கை. நம் பாலோ வட்டாரத்துக் குடும்பங்கள் பல, தலைமுறை தலைமுறையாகக் கைகளின் உழைப்பினால் வாழ்ந்து வந்துள்ளன. அத்தகைய கைக்குக் காவலாக அமைவது கையுறை. ஆயினும், கையுறையை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்? கடையில் எது மலிவோ, எது தடிப்போ, அதை வாங்கி அணிந்துகொள்கிறோம்.

இப்பொருளைக் கற்றுக்கொள்ள மிகவும் ஏற்ற இடம் பனிமலை. அங்கே தவறான கையுறையை அணிபவர் விரலையே இழக்க நேரிடும். ஆதலால், மலையேறுவோர் கையுறையைப் பற்றி ஆழமாகச் சிந்தித்துள்ளனர். அவர்கள் கண்டறிந்த உண்மைகளை இக்கட்டுரையில் காண்போம்.

‘பனியே பெய்யாத ஜோகூரில் இருந்துகொண்டு பனிமலையைப் பற்றி ஏன் படிக்க வேண்டும்?’ என்று சிலர் கேட்கலாம். 1997-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் நாள், எவரெஸ்ட் சிகரத்தில் முதன்முதலாகக் கால்பதித்த மலேசியர் இருவரும் நம் தமிழரே. ஒருவர் எம். மகேந்திரன், மற்றொருவர் என். மோகனதாஸ். ஹில்லாரியும் டென்சிங்கும் 1953-ஆம் ஆண்டு அச்சிகரத்தை அடைந்து 44 ஆண்டுகள் கழிந்த பின்னர், வெயில் நாட்டில் பிறந்து வளர்ந்த இவ்விருவரும் அதே உச்சியில் நின்றனர். எனவே, பனிமலை நமக்கு முற்றிலும் அயலான பொருள் அன்று. மேலும், நம் பிள்ளைகளுள் சிலர் நாளை குளிர்நாடுகளுக்குப் படிக்கவும் பணியாற்றவும் செல்லக்கூடும்.

முதலில், பனிக்கட்டி ஏறுதல் என்பது யாது எனக் காண்போம். குளிர்நாடுகளில் நீர்வீழ்ச்சிகள்கூட உறைந்து, கண்ணாடிச் சுவரைப் போலச் செங்குத்தாக நிற்கும். ஏறுபவர் இரு கைகளிலும் பனிக்கோடரிகளைப் பிடித்து, அவற்றின் கூர்முனையைச் சுவரில் கொத்தி ஊன்றுவார். காலணியின் அடியில் இரும்புப் பற்களைப் பூட்டி, அவற்றையும் பனியில் பதித்து மேலே செல்வார். இடையிடையே திருகாணியைப் பனிக்குள் செலுத்தி, அதில் கொக்கியை மாட்டிக் கயிற்றைக் கோக்க வேண்டும். ஆகவே, அவருடைய கைக்கு மூன்று தேவைகள் உண்டு. குளிர் தாக்கக் கூடாது. கோடரிப் பிடி நழுவக் கூடாது. சிறு கொக்கியையும் விரல்கள் திறம்பட இயக்க வேண்டும். இம்மூன்றும் ஒன்றோடொன்று முரண்பட்டவை. கையுறை தடித்தால் குளிர் குறையும்; ஆனால் விரல் மரத்துப்போனது போலாகும். மெலிந்தால் விரல் இயங்கும். ஆனால் குளிர் ஊடுருவும்.

குளிர் ஏன் விரல்களை முதலில் தாக்குகிறது? விரல்களை அசைக்கும் தசைகள் உள்ளங்கையிலும் முன்கையிலுமே உள்ளன. விரல்களுக்குள் தசை இல்லை. ஆதலால் விரல்கள் தாமே போதிய வெப்பத்தை உண்டாக்க இயலாது. இரத்தம் கொண்டுவரும் வெப்பத்தையே அவை நம்பியிருக்கின்றன. கடுங்குளிர் தாக்கும்போது, உடல் தன் இதயத்தையும் மூளையையும் காக்கும் பொருட்டு, கைகால் நுனிகளுக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைத்துவிடுகிறது. அப்போது விரலின் திசுக்கள் உறையத் தொடங்கும். இதனையே பனிக்கடி என்பர். முற்றிய பனிக்கடியில் விரல் கறுத்து, இறுதியில் அதனை வெட்டி எடுக்க நேரும். நம் வீட்டுக் குளிர்ப்பெட்டியின் உறைபனி அறையில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் ஏறத்தாழ 18 பாகை செல்சியஸ் இருக்கும். எவரெஸ்ட் உச்சி மே மாதத்திலும் அதனினும் குளிர்ந்தது. அங்கே கடுங்காற்றும் உண்டு.

பிரெஞ்சு மலையேற்ற வீரர் மோரிஸ் எர்சோக், 1950-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் நாள் தம் தோழருடன் நேப்பாளத்தின் அன்னபூர்ணா சிகரத்தை அடைந்தார். 8,000 மீட்டருக்கு மேற்பட்ட சிகரமொன்றை மனிதர் எட்டியது அதுவே முதன்முறை. இறங்கும் வழியில், பையைத் திறப்பதற்காக அவர் கையுறைகளைக் கழற்றினார். அவை சரிவில் உருண்டோடி மறைந்தன. பையினுள் மாற்றுக் காலுறைகள் இருந்தன. அவற்றைக் கையில் மாட்டியிருக்கலாம். களைப்பினாலும் உயரத்தினாலும் மங்கியிருந்த அவர் மனத்துக்கு அது தோன்றவில்லை. பனிக்கடியால் அவர் கைவிரல்களுள் பெரும்பாலானவற்றையும் கால்விரல்கள் அனைத்தையும் இழந்தார். நம் நாட்டிலும், 2006, 2007 ஆகிய ஆண்டுகளில் எவரெஸ்ட் ஏறிய டி. ரவிச்சந்திரன் பனிக்கடியால் விரல்கள் பலவற்றை இழந்தார். ஆயினும் மலையேற்றத்தைக் கைவிடவில்லை. அவருடைய நெஞ்சுறுதியைப் போற்றும் நாம், பனிமலையின் கொடுமையையும் உணர வேண்டும்.

இனி, கையுறையைத் தேர்ந்தெடுக்கும் முறைகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, கை உலர்ந்திருக்க வேண்டும். நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். எனவே, நனைந்த தடித்த கையுறையினும் உலர்ந்த மெல்லிய கையுறையே மேல். மாணவர்களே, இதனை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இரு கைகளிலும் காலுறைகளை மாட்டிக்கொண்டு, ஒன்றை மட்டும் நனைத்து, மின்விசிறியின் முன்னே சிறிது நேரம் நில்லுங்கள். நனைந்த கை விரைவில் சில்லிட்டுப்போகும். நனைப்பது வெளியேயுள்ள பனி மட்டுமன்று. உள்ளே சுரக்கும் வியர்வையும் நனைக்கும். ரப்பர் கையுறை வெளிநீரைத் தடுக்கும். ஆனால் வியர்வையை வெளியே விடாது. இக்குறையைப் போக்கவே, நுண்துளைகள் நிறைந்த மெல்லிய படலத்தைக் கையுறைக்குள் வைத்துத் தைக்கின்றனர். அத்துளைகளின் வழியே வியர்வையின் ஆவி வெளியேறும், நீர்த்துளி உட்புகாது. 1969-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கண்டறியப்பட்ட கோர்-டெக்ஸ் இவ்வகையைச் சேர்ந்தது.

இரண்டாவது, துணியின் தன்மையை அறிய வேண்டும். பருத்தி நமக்கு ஏற்ற துணி, பனிமலைக்கு ஏற்றதன்று. அது நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஆட்டுக் கம்பளி நனைந்தாலும் ஓரளவு வெப்பம் காக்கும். பறவையின் மென்தூவி மிகவும் கதகதப்பானது. ஆனால் நனைந்தால் சுருண்டு பயனற்றுப்போகும். செயற்கை இழைகள் விரைவில் உலரும். கோடரியையும் கயிற்றையும் பிடிக்கும் உள்ளங்கைப் பகுதிக்கோ, தோலே உறுதி தரும்.

மூன்றாவது, ஒரே தடித்த உறையைவிடப் பல அடுக்குகள் சிறந்தவை. 1953-இல் எவரெஸ்ட் உச்சிக்குப் புறப்பட்ட காலையில் ஹில்லாரியும் டென்சிங்கும் பட்டு, கம்பளி, காற்றுப் புகாத துணி என மூன்று உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்தனர். அடுக்குகளுக்கிடையே தங்கும் காற்று குளிரைத் தடுக்கும். சிறு வேலைக்காக மேலுறையைக் கழற்றினாலும், வெறுங்கை குளிரில் படாது.

நான்காவது, அளவு பொருந்த வேண்டும். இறுக்கமான உறை இரத்த ஓட்டத்தைத் தடுத்து, குளிரை அழைத்து வரும். தளர்ந்த உறையில் பிடி நழுவும். கடையில் அணிந்து பார்க்கும்போது விரல்களை நன்கு மடக்கிப் பார்க்க வேண்டும். உறையோடு பத்து காசு நாணயம் ஒன்றை எடுக்கவும், கயிற்றில் முடிச்சுப் போடவும் முயல வேண்டும். விரல்கள் எல்லாம் ஓர் அறையில் சேர்ந்திருக்கும் பைக்கையுறை மிகுந்த கதகதப்புத் தரும். விரல்கள் ஒன்றுக்கொன்று வெப்பம் வழங்கும். எனினும், நுண்ணிய வேலைக்கு அது உதவாது.

ஐந்தாவது, வேலை மாறும்போது உறையும் மாற வேண்டும். பனிச்சுவரில் ஏறும்போது உடல் உழைத்துச் சூடேறும். அப்போது மெல்லிய உறை போதும். கீழே நின்று தோழருடைய கயிற்றைப் பிடித்திருக்கும்போது உடல் குளிரும். அப்போது தடித்த உறை வேண்டும். இதனால் பனிச்சுவர் ஏறுவோர் பலர் ஒரே நாளில் பல இணை உறைகளைக் கொண்டுசெல்கின்றனர். பனிச்சறுக்கு விளையாட்டிலும் இதுவே முறை. சமவெளியில் சறுக்கி நெடுந்தொலைவு செல்பவருக்கு வியர்வை மிகும். அவருக்கு மெல்லிய உறை ஏற்றது. மலைச்சரிவில் விரைந்து இறங்குபவரைக் காற்று தாக்கும். அவருக்குக் காற்றும் நீரும் புகாத தடித்த உறை ஏற்றது. நம் நாட்டின் 4,095 மீட்டர் உயரமுள்ள கினபாலு மலையில் விடியற்குளிரில் கயிற்றைப் பிடித்து ஏறுவோருக்கும், நழுவாத, விரைவில் உலரும் கையுறை வேண்டும்.

ஆறாவது, உறையின் வாயை எங்கே வைப்பது என்பது. இதனை அத்தாப்புக் கூரை நமக்குக் கற்பிக்கும். கூரையில் மேல் ஓலை கீழ் ஓலையின்மீது படிந்திருப்பதால் மழைநீர் உட்புகாமல் வழிந்தோடுகிறது. பனிச்சுவரில் கைகள் தலைக்கு மேலே உயர்ந்திருக்கும். அப்போது கையுறையே மேல் ஓலை. ஆகவே கையுறையின் வாய் சட்டைக் கையின்மேல் படிய வேண்டும். கைகளைத் தாழ்த்திச் செய்யும் வேலையில் சட்டைக் கையே மேல் ஓலை. ஆகவே அது கையுறையின் வாயை மூட வேண்டும்.

ஏழாவது, கையுறை தொலைந்துபோகாமல் இருக்க வேண்டும். எர்சோக்குக்கு நேர்ந்ததை நினைவிற்கொண்டு, உறையை மணிக்கட்டோடு ஒரு கயிற்றால் பிணைத்துக்கொள்வதும், மாற்று இணை ஒன்றை உடன் வைத்திருப்பதும் அறிவுடைமை.

இப்போது பனிமலையிலிருந்து இறங்கி, நம் தோட்டத்துக்கு வருவோம். இங்கே குளிரில்லை, ஆனால் முள்ளும் கத்தியும் நஞ்சும் உண்டு. செம்பனை மட்டையின் முட்களிடையே வேலை செய்பவருக்கு, முள் எளிதில் துளைக்காத, பிடி நழுவாத உறை தேவை. புல்லுக்கு மருந்து அடிப்பவருக்கு அதே உறை பகையாகும். ஏனெனில் தோலும் துணியும் நஞ்சை உறிஞ்சி, நாள் முழுதும் கையோடு ஒட்டி வைத்திருக்கும். அவருக்கு நீர் புகாத, துணி உள்ளீடு இல்லாத நைட்ரில் போன்ற உறையே வேண்டும். அதற்கும் அத்தாப்புக் கூரையின் பாடம் பொருந்தும். தரைப்புல்லுக்குக் கையைத் தாழ்த்தி மருந்து அடிக்கும்போது சட்டைக் கை உறையின்மேல் இருக்கட்டும். தலைக்கு மேலே அடிக்கும்போது உறை சட்டைக் கையின்மேல் இருக்கட்டும். வேலைக்கு முன் உறையில் நீரூற்றி ஓட்டை உண்டா என்று பார்க்க வேண்டும். கழற்றுவதற்கு முன் உறையோடு கையைக் கழுவ வேண்டும். சுழலும் இயந்திரத்தின் அருகிலோ, கையுறை அணியாமல் இருப்பதே நலம்; இயந்திரம் உறையைப் பற்றிக் கையையும் உள்ளே இழுத்துவிடும்.

தொழிலாளர் பாதுகாப்புக்கென இந்நாட்டில் 1994-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் உள்ளது. அச்சட்டப்படி வழங்க வேண்டிய பாதுகாப்புப் பொருளுக்காகத் தொழிலாளியிடம் முதலாளி கட்டணம் வாங்கலாகாது. ஆகவே, பெரட்டு நேரத்தில் கிழிந்த உறையைக் காட்டி மாற்று உறை கேட்பது இரத்தல் அன்று, உரிமையாகும். கொடுத்த உறையை ஒழுங்காக அணிவது நம் கடமையாகும்.

‘விரலுக்குத் தகுந்த வீக்கம்’ என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. ‘வேலைக்குத் தகுந்த கையுறை’ என்பதை நாம் அதனோடு சேர்த்துக்கொள்வோம். விலை உயர்ந்ததும் தடித்ததும் நல்ல கையுறை ஆகிவிடா. என்ன வேலை, எதனிடமிருந்து காவல், விரல் எவ்வளவு அசைய வேண்டும் என்னும் மூன்று கேள்விகளையும் கேட்டபின் தேர்ந்தெடுப்பதே நல்ல கையுறை. மாணவர்களே, இன்று மாலை வீட்டுக்குச் சென்றதும் உங்கள் தாய் தந்தையர் அணியும் கையுறையை வாங்கிப் பாருங்கள். அதில் கிழிசல் உண்டா, அது அவர்கள் செய்யும் வேலைக்கு ஏற்றதா என்று ஆராய்ந்து அவர்களிடம் கூறுங்கள். உங்களைப் படிக்கவைக்கும் கைகள் அவை.