கெந்திங் பெயரில் ஒரு பனிச்சரிவு

கிள்ளானிலிருந்து குளிர் தேடி கெந்திங் மலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு சுவெட்டர் போதும். 1,700 மீட்டர் உயரத்திலும் அங்கே மூடுபனிதான், உறைபனி கிடையாது. ஆனால் அதே பெயரைத் தாங்கிய ஒரு பனிச்சரிவில் 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கின் 20 தங்கப் பதக்கங்கள் முடிவாயின.

வடசீனத்தின் சோங்லியில் இருக்கிறது அந்த 'கெந்திங் ஸ்னோ பார்க்'. 1965-இல் நம் கெந்திங்கைத் தொடங்கிய லிம் கோ தோங்கின் மகன் லிம் சீ வா, அங்கே பனிச்சறுக்குத் தலத்தை உருவாக்கினார். குளிருக்குக் குறைவில்லை, பனிப்பொழிவுதான் சொற்பம். அதனால் தண்ணீரைத் திவலைகளாகப் பீய்ச்சி, காற்றிலேயே உறையவைத்து, சரிவை நிரப்பினார்கள். இயந்திரப் பனி இயற்கைப் பனியைவிட இறுக்கமானது. வேகம் கூடும், விழுந்தால் அடியும் பலம்.

ஹாஃப்பைப் போட்டியில் வீரர்கள் 6 மீட்டருக்கும் உயர்ந்த பனிச்சுவர்களில் ஏறி, அந்தரத்தில் சுழன்று இறங்க வேண்டும். பிப்ரவரி 18 அன்று சீனாவின் ஐலீன் கு அங்கே தங்கம் வென்றார். மறுநாள் ஆடவர் இறுதிப்போட்டியில் காற்று சுழற்றி அடித்தது; தேர்ந்த வீரர்களே சறுக்கி விழுந்தார்கள்.

மலேசியக் கொடியும் அந்த ஒலிம்பிக்கில் பறந்தது, ஆனால் யான்சிங் மலையில். அங்கே ஆல்பைன் பனிச்சறுக்கில் இறங்கியவர்கள் ஜெப்ரி வெப், 17 வயது அருவின் சலேஹுதின். குளிர்கால ஒலிம்பிக்குக்குப் போன முதல் மலேசியப் பெண் அருவின்தான். அமெரிக்காவின் நட்சத்திர வீராங்கனை மிக்கேலா ஷிஃப்ரினே தடுமாறி வெளியேறிய, கம்பங்களுக்கிடையே வளைந்து வளைந்து இறங்கும் ஜயன்ட் ஸ்லாலமில், இரண்டு சுற்றையும் முடித்து 40 இடங்களுக்குள் வந்தார். வெப்பும் அருவினும் தேறியது அமெரிக்கச் சரிவுகளில்.

பனிமலை என்றதும் நம்மவர்களுக்கு நினைவில் எழுவது 1997 மே 23. மலேசியர்களான மகேந்திரனும் மோகனதாஸும் எவரெஸ்ட் உச்சியில் நின்ற நாள். ஏறுவதற்கான மூச்சையும் கால்வலுவையும் உள்ளூர்க் குன்றுகளிலேயே ஓரளவு சேர்த்துக்கொள்ளலாம். சறுக்கி இறங்க அப்படி வழியில்லை. சிறுவயது முதல் நாள்தோறும் சரிவு வேண்டும், பெற்றோரிடம் பணமும் வேண்டும்.

2018-இல் வெப்போடு மலேசியாவின் முதல் குளிர்கால ஒலிம்பிக்குக்குப் போன ஜூலியன் யீயின் கதை வேறு. அவர் பனிக்கட்டித் தரையில் ஸ்கேட்டிங் பழகியது சன்வே பிரமிட் பேரங்காடிக்குள். கட்டடத்துக்குள் ஒரு தளத்தை உறையவைத்தால் அந்த விளையாட்டுக்குப் போதும். ஷா ஆலம் ஐ-சிட்டியின் பனிக்கூடத்தில் பிள்ளைகள் சறுக்கி மகிழலாம். ஜயன்ட் ஸ்லாலத்துக்கோ நூற்றுக்கணக்கான மீட்டர் செங்குத்து இறக்கம் தேவை. அதற்குக் கூரை போடுவது யாரால் ஆகும்?