பொடியும் சில்லும்

கந்தளாயிலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி எளிதாகத் தோன்றினும் ஆழமானது. தம் காணியில் குழாய்க்கிணறு துளைத்தபோது காற்றோடு மேலெழுந்தது பெரும்பாலும் சாம்பல் நிறப் பொடியே என்றும், பெருஞ் சுரங்கங்களைக் குடையும் யந்திரங்களோ உள்ளங்கை அகலச் சில்லுகளை வெளித்தள்ளுவதாகப் படித்ததாகவும், இரண்டும் ஒரே கருங்கல்லோடு போராடுகையில் இந்த வித்தியாசம் ஏன் என்றும் அவர் வினவுகிறார்.

இவ்விரு சாதனங்களுள் எதுவும் கருங்கல்லை அறுப்பதில்லை, அழுத்துகின்றன, அவ்வளவே. அமுக்கத்தைத் தாங்குவதில் மகா வல்லமையுடைய கருங்கல், இழுவிசைக்கு எதிரே ஏறக்குறைய அதில் பத்தில் ஒரு பங்கு பலத்தையே காட்டும். ஆனால் மலைக்குள் நிற்கும் பாறையைப் பற்றி இழுக்க வழியில்லை. ஆகவே அழுத்தும் விசையையே இழுக்கும் விசையாக மாற்ற ஓர் உபாயம் வேண்டும். அந்த உபாயத்தை, நாம் கழிவென்று எண்ணும் பொடியே செய்து கொடுக்கிறது என்பதுதான் இவ்விஷயத்தில் என்னை மிகவும் வசீகரிப்பது.

சுரங்க யந்திரத்தின் முகத்தில் பொருத்திய 17 அங்குல விட்டமுள்ள எஃகுத் தட்டு, சுமார் 25 தொன் சுமையோடு பாறைமீது உருண்டு செல்கையில், அதன் விளிம்பின் நேர் கீழேயுள்ள கனிமத் துகள்கள் நொறுங்குகின்றன. அவ்வாறு பிறந்த பொடி, சிதறி ஓட இடமின்றி, சுற்றியுள்ள கல்லால் இறுக்கப்பட்டு, மேலிருந்து பெற்ற அழுத்தத்தைப் பக்கங்களுக்கும் திருப்பி விடுகிறது. பக்கங்கள் தள்ளப்படவே, பொடித் திரளின் ஓரங்களில் பாறை இழுபட்டு, அங்கே முன்பே மறைந்துகிடந்த நுண்வெடிப்புகள் நீளத் தொடங்குகின்றன. சில நேர் கீழே இறங்கி வீணாகும். சில பக்கவாட்டில் ஓடி, அயல் தட்டின் பள்ளத்திலிருந்து வரும் வெடிப்பைச் சந்திக்கும். சந்தித்த கணமே இடைப்பட்ட கல் சில்லாகப் பெயர்ந்து விழும்.

பெரிய பனங்கட்டி ஒன்றைக் கத்தியின் முதுகால் தட்டிப் பாருங்கள். தட்டிய இடம் பொடியாகும்; சற்றுத் தள்ளி மறுபடி தட்டினால் இரண்டுக்கும் நடுவிலுள்ள துண்டு தெறிக்கும். மிக அருகே தட்டினால் பொடி மாத்திரமே மிஞ்சும். மிக எட்டத் தட்டினால் இரு குழிகள் மாத்திரமே மிஞ்சும். மாரியில் இளகிய பனங்கட்டியோ குழியுமேயன்றி வெடிக்காது. களிமண் நிலத்தில் இத்தட்டுகள் உதவாமைக்கும் காரணம் அதுவே. பொறியியலாளர் தட்டுகளை ஏறக்குறைய 7 முதல் 10 சென்ரிமீற்றர் இடைவெளியில் நிறுத்துவதும், ஒரு சுற்றில் தட்டு பாறையுள் புகும் ஆழத்தைப்போல் 10 முதல் 20 மடங்காக அவ்விடைவெளி அமையப் பார்ப்பதும் இந்தப் பனங்கட்டி நியாயத்தாலேதான்.

குழாய்க்கிணறு துளைக்கும் சம்மட்டி யந்திரத்திலும் நிகழ்வது இதுவே. ஆயினும் அதன் ஒடுங்கிய துளையில் தங்ஸ்தன் காபைட்டுக் குமிழ்கள் நெருங்கி அமர்ந்திருப்பதாலும், பிறந்த சிறு சில்லும் காற்றால் மேலேறுமுன் மீண்டும் மீண்டும் அடிபடுவதாலும், அது பெரும்பாலும் பொடியாகவே வெளிவருகிறது. கல்லை நுணுக்க நுணுக்கச் சக்திச் செலவு ஏறும். பொடி இன்றியமையாததே, எனினும் தேவைக்கு மேற்பட்ட ஒவ்வொரு பிடியும் வீண் எரிபொருளே.

சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1853 இல் அமெரிக்காவின் ஹூசாக் மலையைக் குடைய வந்த சார்ள்ஸ் வில்சனின் யந்திரம் சில அடிகளோடு நின்றது. கண்ணாடியில் வெடிப்பு நீளும் விதியை ஆராய்ந்த கிரிபித்தின் கட்டுரை 1921 இல் வெளியாயிற்று. 1956 இல் ரொறன்ரோவில் ஜேம்ஸ் ரொபின்ஸ், கீறும் பற்களை அகற்றி, உருளும் தட்டுகளை மாத்திரம் நம்பி வெற்றி கண்டார்.

எந்த மலையையும் அனாயாசமாகக் குடைந்துவிடும் யந்திரம் என்னும் விளம்பரத்தை மட்டும் நம்பற்க. உமா ஓயாத் திட்டத்தின் சுமார் 15 கிலோமீற்றர் நீளச் சுரங்கத்தில், 2014 டிசம்பரில் பாறையின் இயற்கை வெடிப்புகள் வழியே நீர் பெருகிப் பாய்ந்து, பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றி, வீட்டுச் சுவர்கள் பிளந்து, குடும்பங்கள் பட்ட துயரம் சாதாரணமன்று. தட்டு உண்டாக்கும் வெடிப்பு சில சென்ரிமீற்றரில் முடியும். யுகங்களுக்கு முன் பூமி உண்டாக்கிய வெடிப்போ மலையையே ஊடுருவிக் கிடக்கும். முன்னதைக் கணக்கிடும் வித்தை பின்னதை ஆராயும் கடமையை ஒருபோதும் ஈடுசெய்யாது.

கந்தளாய் மண்ணின் அடியிலிருப்பது பெரும்பாலும் கனிமங்கள் பட்டை பட்டையாக அமைந்த நைஸ் வகைக் கருங்கல்; பட்டைகளற்ற பனங்கட்டி இவ்விடத்தில் உவமையாகாது. பட்டைகள் துளையின் அடித்தளத்துக்குச் சமாந்தரமாகக் கிடந்தால் பக்க வெடிப்புகள் அவற்றின் வழியே இலகுவாக ஓடும்; செங்குத்தாக நின்றாலோ ஒவ்வொரு பட்டையையும் குறுக்கே கடக்க நேர்ந்து தளர்ந்துவிடும், பொடியும் மிகும். கடிதம் எழுதிய அன்பர் மேலெழுந்த பொடியில் சிறிது நீர்விட்டு அலசினால், அடியில் தங்கும் சிறு தகடுகளில் இப்பட்டைகளைக் காணலாம். உலர்ந்த பொடியை மாத்திரம் சுவாசிக்க வேண்டாம். அதிலுள்ள நுண்ணிய குவார்ட்ஸ் துகள் நுரையீரலில் தங்கித் தீராத நோயை உண்டாக்கவல்லது. ஆதலால் துளைப்பவர்கள் நீர் பாய்ச்சியே துளைக்க வேண்டும், முகமூடியும் அணிய வேண்டும்.