கட்டம் கட்டமாக உடையும் படங்கள்: மென்பொருளால் ஆவதும் ஆகாததும்

கைப்பேசித் திரையில் தெளிவாகத் தெரியும் புகைப்படம், அச்சுக்காகப் பெரிதாக்கப்படும்போது சதுரச் சதுரமாகப் பிரிந்து, முகத்தின் ஓரங்கள் உடைந்து, கண்ணும் புருவமும் வெறும் கறுப்புத் திட்டுகளாக மாறிவிடுவது இன்று பரவலாகக் காணப்படும் குறையாகும். வீட்டுப் பெரியவர் மறைந்தபின், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிக்கும் கூடத்தில் மாலையிட்டு மாட்டும் படத்துக்கும் அவருடைய தனிப்படம் கிடைக்காமல், ஏதேனும் ஒரு கல்யாண வீட்டுக் குழுப்படத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டியெடுத்துப் பெரிதாக்கித் தருமாறு ஸ்டூடியோக்களை நாடுவது தமிழ்நாட்டில் வழக்கமாகிவிட்டது. அத்தகைய படத்தை மென்பொருளைக் கொண்டு எவ்வளவு தூரம் சீராக்க முடியும், எந்த இடத்துக்கு அப்பால் சீராக்கம் புனைவாகிவிடுகிறது என்பதைப் படத்தை ஒப்படைப்பவரும் திருத்துபவரும் அறிந்திருப்பது அவசியம்.

டிஜிட்டல் படம் என்பது அடிப்படையில் எண்களால் ஆன ஓர் அட்டவணை. அதன் ஒவ்வொரு கட்டமும் பிக்சல் எனப்படுகிறது. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றும் எந்தெந்த அளவில் கலக்க வேண்டும் என்பதைப் பொதுவாக 0 முதல் 255 வரையிலான மூன்று எண்களால் அது குறித்துவைத்திருக்கிறது. ஒரு பிக்சலுக்குள் ஒரே நிறம்தான் இருக்க முடியும் என்பதால், அதைவிடச் சிறிய எந்த விவரத்துக்கும் படத்தில் இடமில்லை. அகலத்தில் 4000, உயரத்தில் 3000 பிக்சல்கள் கொண்ட கைப்பேசிப் படத்தில் மொத்தம் 1 கோடியே 20 லட்சம் பிக்சல்கள் இருக்கின்றன. 12 மெகாபிக்சல் என்று சொல்லப்படுவது இதைத்தான். கேட்பதற்குப் பெரிய எண்ணாக இருந்தாலும், இருபது பேர் நிற்கும் குழுப்படத்தில் ஒருவருடைய தலைக்கும் தோளுக்குமாக அகலவாக்கில் 500 பிக்சல் கிடைத்தாலே அதிகம். அந்தப் படம் செய்திச் செயலியின் வழியே வரும்போது அகலம் 1600 பிக்சலாகச் சுருக்கப்பட்டிருந்தால், 500 என்பது 200 ஆகக் குறைந்துவிடும். கையில் வைத்துப் பார்க்கும் அச்சுப்படத்துக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது அச்சுத் தொழிலின் பொது வழக்கு. 12 அங்குல அகலமுள்ள படத்துக்கு 3600 பிக்சல் வேண்டிய இடத்தில் 200 மட்டுமே இருந்தால், அங்குலத்துக்குப் பதினேழுகூடத் தேறாமல், ஒவ்வொரு பிக்சலும் தாளில் ஒன்றரை மில்லிமீட்டர் சதுரமாக வந்து நிற்கும். கண்ணை உறுத்தும் கட்டங்கள் இந்தக் கணக்கிலிருந்தே பிறக்கின்றன.

இந்தச் சதுரங்களுக்குக் கணினிப் படத்தின் வயது. 1957இல் அமெரிக்காவின் தேசியத் தர அலுவலகத்தில் பணியாற்றிய ரசல் கிர்ஷ், தம்முடைய மூன்று மாதக் குழந்தையின் புகைப்படத்தை ஸ்கேன் செய்து கணினிக்குள் செலுத்தினார். கணினிக்குள் புகுந்த முதல் புகைப்படமாகக் கருதப்படும் அதில் பக்கத்துக்கு 176 வீதம் மொத்தம் 30,976 பிக்சல்களே இருந்தன. பிக்சலைச் சதுரமாக அமைத்ததற்காகப் பிற்காலத்தில் வருந்திய அவர், 80 வயதைக் கடந்த பின்னும், சதுரமல்லாத வடிவங்களால் ஓரங்களை மென்மையாக்கும் முறையொன்றை உருவாக்குவதில் ஈடுபட்டார். ஆனால் அதற்குள் உலகின் பெரும்பாலான திரைகளிலும் கேமராக்களிலும் சதுரம் நிலைபெற்றுவிட்டிருந்தது.

படத்தில் தோன்றும் கட்டங்கள் எல்லாம் பிக்சல்கள் அல்ல என்பதும், இரு வகைக் கட்டங்களுக்கும் மருந்து வேறு என்பதும் பலர் கவனிக்கத் தவறும் செய்திகள். 1992இல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக் என்னும் சுருக்க முறை, படத்தை 8 பிக்சல் நீளமும் 8 பிக்சல் அகலமும் உள்ள சிறு பாத்திகளாகப் பிரித்துக்கொள்கிறது. பெங்களூருவில் பிறந்த நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவரும் 1974இல் வெளியிட்ட கொசைன் உருமாற்றம் என்னும் கணித முறையைப் பயன்படுத்தி, ஒவ்வொரு பாத்தியிலும் உள்ள நிற மாறுதல்களை மெதுவானவை, விரைவானவை என்று அது பகுத்துக்கொள்கிறது. பிறகு, கண்ணுக்கு எளிதில் புலப்படாத விரைவான நுண்மாறுதல்களைக் குறைத்தோ முற்றிலும் நீக்கியோ கோப்பின் அளவைச் சிறிதாக்குகிறது. அளவோடு சுருக்கினால் வேறுபாடு தெரியாது. மிகுதியாகச் சுருக்கினால் அடுத்தடுத்த பாத்திகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் எல்லைக்கோடுகள் தெரியத் தொடங்கும், எழுத்துகளையும் முடியின் ஓரத்தையும் சுற்றிக் கொசு மொய்ப்பது போன்ற இரைச்சல் படியும். திருத்தித் திருத்தி மீண்டும் ஜேபெக்காகவே சேமிக்கும் ஒவ்வொரு முறையும் இந்த இழப்பு கூடக்கூடும்.

இவ்வாறு இழந்த விவரம் அந்தக் கோப்புக்குள் எங்கும் ஒளிந்திருப்பதில்லை என்பதால், மென்பொருளைத் திறப்பதற்கு முன்பு செய்ய வேண்டிய வேலை மூலப்படத்தைத் தேடுவதே. படத்தை எடுத்தவரின் கைப்பேசியிலோ, கல்யாணத்தைப் படமெடுத்த ஸ்டூடியோவின் சேமிப்பிலோ முழு அளவுக் கோப்பு இருக்கக்கூடும். இருந்தால், அதை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பச் சொல்லாமல் டாக்குமென்டாக அனுப்பச் சொன்னால் சுருக்கம் நிகழாது. பழைய ஆல்பத்தில் அச்சுப்படம் இருந்தால், அதைக் கைப்பேசியால் படமெடுப்பதைவிட அங்குலத்துக்கு 600 பிக்சல் என்ற அளவில் ஸ்கேன் செய்வது பன்மடங்கு பயன் தரும். அரைமணி நேரத் தேடல், எந்த மென்பொருளும் தர முடியாத உண்மையான விவரத்தைத் தந்துவிடக்கூடும்; அவசரத்தில் இருக்கும் குடும்பங்கள் பெரும்பாலும் இதைச் செய்வதில்லை என்பது வருத்தத்துக்குரியது.

வேறு வழியே இல்லை என்ற நிலையில்தான் திருத்தும் வேலை தொடங்குகிறது. இதற்கு 1990இல் வெளிவந்து இன்றுவரை வளர்ந்துவரும் ஃபோட்டோஷாப்பும், எவரும் இலவசமாகப் பெறக்கூடிய கிம்ப்பும் போதுமானவை. முதலில் மூலக்கோப்பைத் தொடாமல் அதன் நகலை எடுத்துக்கொண்டு, இழப்பில்லாமல் சேமிக்கும் டிஃப் அல்லது பிஎன்ஜி வடிவுக்கு மாற்றிவிட வேண்டும். அடுத்தது கண்டறிதல். படத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பார்க்கும்போது, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரே நிறம் சீராக நிரம்பியிருந்து, அக்கட்டமே பல பிக்சல்களால் ஆனதாக இருந்தால், யாரோ ஒருவர் சிறிய படத்தை முன்பே முறையற்றுப் பெரிதாக்கிச் சேமித்திருக்கிறார் என்று பொருள். அப்போது செய்ய வேண்டியது, வியப்பாகத் தோன்றினாலும், படத்தைச் சிறிதாக்குவதுதான்: ஒரு கட்டம் 8 பிக்சல் அகலம் இருந்தால் எட்டில் ஒரு பங்காகக் குறைத்து, அதன் இயல்பான அளவுக்குக் கொண்டுவந்த பின்னரே சரியான முறையில் மீண்டும் பெரிதாக்க வேண்டும். கட்டங்களுக்குள்ளே நிறங்கள் மாறி மாறி இருந்து, எல்லைகள் மட்டும் 8 பிக்சலுக்கு ஒருமுறை தெரிந்தால் அது ஜேபெக்கின் வேலை. ஃபோட்டோஷாப்பில் 'ரெட்யூஸ் நாய்ஸ்' என்ற பகுதியில் உள்ள 'ரிமூவ் ஜேபெக் ஆர்ட்டிஃபாக்ட்' என்னும் தெரிவு இதற்காகவே வைக்கப்பட்டுள்ளது. பெரிதாக்குவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும், இல்லையெனில் குறையும் படத்தோடு சேர்ந்து பெரிதாகிவிடும்.

பெரிதாக்கும்போது புதிதாகத் தோன்றும் இடங்களில் எந்த நிறத்தை இடுவது என்று மென்பொருள் கணக்கிடுகிறது. இதற்கு இடைச்செருகல் என்று பெயர். அருகிலுள்ள பிக்சலின் நிறத்தை அப்படியே படியெடுக்கும் 'நியரஸ்ட் நெய்பர்' முறையில் கட்டங்கள் கூர்மையாகவே நிற்கும் என்பதால் புகைப்படத்துக்கு அது உதவாது. சுற்றியுள்ள 4 பிக்சல்களைக் கலந்து கணக்கிடும் 'பைலீனியர்', 16 பிக்சல்களைக் கருத்தில் கொள்ளும் 'பைகியூபிக்' ஆகியவை நிறமாற்றத்தைச் சரிவாக்கித் தருவதால் கட்டங்கள் மறைகின்றன. ஆனால் அந்த இடத்தில் ஒரு மங்கல் வந்து அமர்ந்துகொள்கிறது. முகத்தைப் பொறுத்தவரை, கட்டத்தைவிட மங்கலைக் கண் எளிதாக ஏற்றுக்கொள்ளும் என்பதால் இது நட்டமில்லாத பண்டமாற்றுதான்.

மங்கலைக் குறைக்க உதவும் 'அன்ஷார்ப் மாஸ்க்' என்னும் கருவி, இருட்டறையில் ஃபிலிம் கழுவிய காலத்து உத்தி ஒன்றிலிருந்து வந்தது; படத்தின் மங்கலான நகலை மூலத்திலிருந்து கழித்து, ஓரங்களின் இருபுறமும் உள்ள வெளிச்ச வேறுபாட்டை அது மிகைப்படுத்துகிறது. புதிய விவரம் எதையும் இது சேர்ப்பதில்லை. இருக்கும் ஓரத்தை எடுத்துக்காட்ட மட்டுமே செய்கிறது. அளவு மீறினால் தோளைச் சுற்றி வெள்ளைக் கோடு தோன்றி, தோல் மணல் தூவியது போலாகிவிடும். தேர்ந்த கைகள் இதை முகம் முழுவதற்கும் இடாமல், மாஸ்க் என்னும் மறைப்பின் உதவியால் கண், புருவம், உதட்டு விளிம்பு, முடியோரம் ஆகிய இடங்களில் மட்டும் இட்டு, கன்னத்தையும் நெற்றியையும் பின்னணியையும் மென்மையாகவே விட்டுவிடுகின்றன. பார்ப்பவரின் கண் முதலில் போய் நிற்பது எதிரிலிருப்பவரின் கண்களில்தான் என்பதால், அந்த இரு இடங்கள் ஓரளவு கூர்மையாக இருந்தாலே படம் முழுவதும் தெளிவாக இருப்பதான உணர்வு கிடைத்துவிடுகிறது. கடைசியாக, ஃபிலிம் படங்களில் இருந்ததைப் போன்ற நுண்ணிய மணித்தன்மையை மிகச் சிறிதளவு சேர்ப்பது, மெழுகு பூசியது போன்ற வழவழப்பைப் போக்கி, எஞ்சிய கட்டங்களின் தடயத்தையும் மறைக்கிறது. பொறுமையோடு செய்யப்படும் இந்தக் கைவேலை, ஒரே பொத்தானில் முடியும் இன்றைய செயலிகளைவிட நம்பத்தக்கது.

அச்செயலிகளின் பின்னால் இருப்பது செயற்கை நுண்ணறிவு. ஹாங்காங் சீனப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அவர்களோடு சேர்ந்தவர்களும் 2014இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, சிறிய படத்தைப் பெரிதாக்கும் வேலையை நரம்பு வலையமைப்புக்குக் கற்பிக்க முடியும் என்று காட்டியது. தெளிவான படங்களையும் அவற்றின் சுருக்கிய நகல்களையும் ஏராளமாகக் காட்டிப் பயிற்றினால், எத்தகைய மங்கலுக்குப் பின்னால் எத்தகைய தெளிவு இருக்கக்கூடும் என்பதை அது ஊகிக்கப் பழகிக்கொள்கிறது. அடோபி நிறுவனம் 2021இல் அறிமுகப்படுத்திய 'சூப்பர் ரெசல்யூஷன்' நீளத்தையும் அகலத்தையும் இரட்டிப்பாக்கித் தருகிறது. அதாவது நான்கில் மூன்று பிக்சல்கள் ஊகத்தால் நிரப்பப்படுகின்றன. ஓலைக்கூரை, செங்கல் சுவர், புடவையின் நெசவு போன்றவற்றில் இந்த ஊகம் பிழையானாலும் பாதகமில்லை. முகத்தில் அப்படியல்ல. 2020இல் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய 'பல்ஸ்' என்னும் நிரல், பக்கத்துக்கு 16 பிக்சல் மட்டுமே உள்ள முகத்தை 1024 பிக்சல் அளவுக்குப் பெரிதாக்கியது. முன்னாள் அமெரிக்க அதிபர் பராக் ஒபாமாவின் படத்தைச் சுருக்கி அதனிடம் கொடுத்தபோது, அது ஒரு வெள்ளையரின் முகத்தைத் தெளிவாக வரைந்து கொடுத்தது. 256 பிக்சல்களாகச் சுருங்கும்போது ஒரே மாதிரி ஆகிவிடும் முகங்கள் எண்ணற்றவை. அவற்றுள் தான் பழகிய முகங்களை ஒத்த ஒன்றை அந்த நிரல் தேர்ந்துகொண்டது. 2024இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நடந்த கொலை வழக்கு ஒன்றில், செயற்கை நுண்ணறிவால் மேம்படுத்தப்பட்ட காணொளியைச் சான்றாக ஏற்க நீதிபதி மறுத்ததற்கும் இத்தகைய ஐயமே அடிப்படை.

நீதிமன்றத்துக்கு ஏற்காத ஒன்று வீட்டுச் சுவருக்கு ஏற்குமா என்பது குடும்பத்தார் தீர்மானிக்க வேண்டியது. தாத்தாவின் பல்வரிசையும் கண்ணிமையும் வேறொருவருடையதாக மாறியிருக்க, படம் மட்டும் பளபளவென்று இருந்தால், அவரை நேரில் அறிந்தவர்களுக்கு அது உறுத்தும். பேரக்குழந்தைகளோ அந்தப் பொய் முகத்தையே உண்மை என்று மனத்தில் பதித்துக்கொள்வார்கள். அத்தகைய செயலியைப் பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால், அதன் விளைவைத் தனி லேயராக, அதாவது மூலப்படத்தின் மேல் ஒரு தனி அடுக்காக வைத்து, அதன் அடர்த்தியைக் குறைத்து அடியிலுள்ள உண்மைப் படம் ஊடுருவித் தெரியுமாறு கலப்பதும், முடிவை நெருங்கிய உறவினர் ஒருவரிடம் காட்டி ஒப்புதல் பெறுவதும் நல்ல நடைமுறை.

ஊகமின்றி உண்மையான விவரத்தைக் கூட்டும் வழி ஒன்றும் உண்டு. அது ஒரே காட்சியின் பல படங்களை இணைப்பது. ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி 1995இல் எடுத்த ஆழ்வெளிப் படங்களுக்காக உருவாக்கப்பட்ட 'டிரிசில்' என்னும் முறை, சிறிதளவு இடம் மாறி எடுக்கப்பட்ட பல படங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, தனிப்படம் எதிலும் இல்லாத நுட்பத்தை வெளிக்கொணர்ந்தது. கூகுள் நிறுவனம் 2018இல் தன் கைப்பேசியில் கை நடுக்கத்தையே பயன்படுத்தி ஜூம் படத்தைத் தெளிவாக்கியதும் இதே தத்துவத்தால்தான். கல்யாண வீடியோவில் பெரியவர் சில நொடிகள் அசையாமல் அமர்ந்திருக்கும் இடம் அகப்பட்டால், அடுத்தடுத்த பத்துப் பதினைந்து ஃப்ரேம்களைப் பிரித்தெடுத்து, இருமடங்கு பெரிதாக்கி, லேயர்களாக அடுக்கிப் பொருத்தி, சராசரி எடுப்பதன் மூலம் வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம். இரைச்சல் குறைவது கண்கூடாகத் தெரியும்.

அச்சின் அளவையும் சற்று யோசித்துத் தீர்மானிக்கலாம். தெருமுனையில் கட்டும் பதாகை பல அடி தூரத்திலிருந்து பார்க்கப்படுவதால் அங்குலத்துக்கு 50 பிக்சல்கூட அதற்குப் போதும். கூடத்தில் மாட்டும் படம் அருகில் நின்று பார்க்கப்படுவதால் அந்தச் சலுகை அதற்கில்லை. 200 பிக்சல் முகத்தைப் பன்னிரண்டு அங்குலத்துக்கு இழுப்பதைவிட நான்கு அங்குலத்தில் அச்சிட்டு, அகன்ற வெள்ளை விளிம்போடு சட்டமிடுவது கண்ணுக்கும் இதமானது, முகத்துக்கும் நேர்மையானது. இவற்றையெல்லாம்விட எளிய வழி ஒன்று எல்லோர் கையிலும் இருக்கிறது. வீட்டில் பெரியவர்கள் இருப்பவர்கள் இந்த வாரமே அவர்களைச் சன்னலோர வெளிச்சத்தில் அமரவைத்து, கைப்பேசியின் முழுத் தெளிவில், சட்டம் நிறைய முகம் தெரியும்படி ஒரு தனிப்படம் எடுத்து, சுருக்காத கோப்பாக இரண்டு இடங்களில் சேமித்துவைக்க வேண்டும்.